தினசரிக்கு எந்த ஜப்பானிய ஊதுபத்தி? மைனிச்சிகோ, செய்யுன், கோபுன்போகு, ஹொரிகாவா

ஜப்பானிய ஊதுபத்தி என்றாலே பலர் விலை கூடிய அகில் பத்தியைத்தான் நினைக்கிறார்கள். ஜப்பானில் வீட்டுப் புத்த பீடத்தின் முன் தினமும் எரிவது பெரும்பாலும் சந்தனத்தை அடிப்படையாகக் கொண்ட எளிய பத்திகள். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கக் கூடியவையும் அவற்றில் உண்டு. அவற்றுக்குள்ளேயே தரமும் குணமும் வெகுவாக வேறுபடுகின்றன. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒரே ஒரு பெட்டிதான் வாங்குவதாக இருந்தால் கோபுன்போகு வாங்குங்கள். அது ஒத்துவராத ஆட்களும் அறைகளும் உண்டு, மற்றவை அவர்களுக்காக.

குச்சி இல்லாத பத்தி

நம் ஊர்ப் பத்தியின் நடுவில் மூங்கில் குச்சி இருக்கும். அது எரியும் வாடை மணத்தோடு சேர்ந்தே வரும். ஜப்பானியப் பத்தியில் குச்சியே கிடையாது. தாபு என்ற மரத்தின் பட்டைப் பொடியோடு மணப்பொடிகளைச் சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோலத் துளைத்தட்டு வழியே பிழிந்து, நறுக்கி உலர்த்துகிறார்கள். பசையும் எரிபொருளும் தாபுதான். அதற்கென்று பெரிய மணம் இல்லாததால் மற்றச் சரக்குகளின் மணம் கெடாது. மலிவான பத்தியில் தாபு கூடி மணச்சரக்கு குறையும்போது, கடைசியில் காய்ந்த இலை எரிந்த வாடை ஒன்று மிஞ்சும். தரத்தை எடைபோட இதைவிட நம்பகமான அறிகுறி இல்லை.

குட்டைப் பத்தியின் நீளம் சுமார் 14 சென்டிமீட்டர், கனம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். காற்று அடிக்காத அறையில் 25 முதல் 30 நிமிடம் எரியும். ஜப்பானின் மொத்த உற்பத்தியில் சுமார் 70 சதவீதம் அவாஜி தீவிலிருந்து வருகிறது. 1850இல் சாக்காய் நகரத்திலிருந்து இந்தத் தொழிலை அந்தத் தீவின் எய் என்ற துறைமுக ஊருக்குக் கொண்டுவந்தார்கள். குளிர்காலத்தில் மேலைக்காற்று பலமாக வீசி அங்கே மீன்பிடிப்பு நின்றுபோகும். அந்த மாதங்களில் குடும்பங்களுக்கு வேலை கொடுத்தது பத்தித் தொழில். உலர்த்துவதற்கும் அதே காற்று உதவியது.

மைனிச்சிகோவா, செய்யுனா?

இரண்டும் நிப்பான் கோடோ நிறுவனத்தின் பெட்டிகள், இரண்டும் ஜப்பான் முழுக்கத் தெரிந்த பெயர்கள், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபாடு மணத்தின் வேரில் இருக்கிறது.

மைனிச்சிகோ சந்தனப் பக்கம் நிற்பது. ஏற்றியவுடன் லேசான இனிப்பு வரும். பாதிக்கு மேல் உலர்ந்த மரவாடை மேலோங்கும். கூர்மை கிடையாது, ஆழமும் கிடையாது. தினமும் ஒரே நேரத்தில் ஏற்றி, பிறகு அதை மறந்துவிட்டு வேலையைப் பார்க்கிறவர்களுக்கு இது சரியான பத்தி. பெரிய பெட்டியாக வாங்கினால் ஒரு பத்திக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இந்தப் பெயரிலேயே பல வகைகள் வருவதால் பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். சந்தனம் என்று குறிப்பிட்ட வகை மூலப் பத்தியைவிட மென்மையானது. மலிவுப் பெட்டியில் கியாரா என்று எழுதியிருந்தால் அது மணத்தின் பாணியைத்தான் குறிக்கிறது. கியாரா என்பது அகிலிலேயே உச்சத் தரம். அந்த விலைக்கு அது பத்தியில் இருக்க வழியில்லை.

செய்யுன் வாசனைத் திரவியத்தின் வழியில் செய்யப்பட்டது. பூமணம், கொஞ்சம் சோப்பு வாடை, உடனே அறையை நிறைக்கும் வேகம். பெட்டியை முகர்ந்து பார்த்து வாங்குபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுப்பார்கள். ஆனால் திரவிய எண்ணெய் வெப்பம் பட்டவுடன் முதலில் பறந்துவிடும். எரிந்து முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அறைக்குள் வந்தால் மைனிச்சிகோவின் மரமணம் மிஞ்சியிருக்கும். செய்யுனின் பூ போய்ப் புகைவாடை மட்டும் நிற்கும். விருந்தாளி வரும் நேரத்துக்கு முன் ஏற்ற செய்யுன் போதும். தினசரிக்கு மைனிச்சிகோவே மேல்.

கோபுன்போகு

சாக்காயில் 1657இல் தொடங்கிய பாயேய்டோ நிறுவனத்தின் பத்தி இது. சந்தனம் அடித்தளம், அதன்மேல் மூலிகைச் சரக்குகள். ஜப்பானியப் பத்திக்காரர்கள் கையாளும் சரக்குப் பட்டியலைப் பார்த்தால் நம் நாட்டு மருந்துக் கடையில் நிற்பதுபோல் இருக்கும்: கிராம்பு, இலவங்கப்பட்டை, அன்னாசிப்பூ, சடாமாஞ்சில், கோஷ்டம், சாம்பிராணி. அதனால் தமிழ் மூக்குக்கு கோபுன்போகு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் நம் மசாலா பத்திகளில் இருக்கும் அடர்ந்த இனிப்பை இதில் தேடக் கூடாது.

ஏற்றிய முதல் இரண்டு மூன்று நிமிடம் மருந்து வாடை தூக்கலாக இருக்கும். பலர் அந்த இடத்திலேயே பிடிக்கவில்லை என்று அணைத்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் பொறுத்தால் அது அடங்கி, சற்றே புளிப்பும் இனிப்பும் கலந்த சந்தனம் மேலே வரும். அணைந்தபின் துணியிலும் திரைச்சீலையிலும் தங்குவது அந்தச் சந்தனம்தான். மைனிச்சிகோவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பெரிய வித்தியாசம் தெரியும். கோபுன்போகுவில் இலை எரிந்த வாடை அநேகமாக வருவதில்லை. விலை மைனிச்சிகோவைவிடக் கூடுதல்தான், ஆனால் கிடைக்கும் மணத்துக்கு அது நியாயமான விலை.

எங்கே தவறும்? கதவடைத்த சிறிய ஏசி அறையில் முழுப் பத்தியை ஏற்றினால் மூலிகை வாடை தேங்கித் தலை கனக்கும். பத்துக்குப் பத்து அறைக்குப் பாதிப் பத்தி, அதாவது 7 சென்டிமீட்டர், போதுமானது. இதே நிறுவனத்தின் கையுன்கோ என்ற பத்தியின் மணம் இன்னும் அடர்த்தியானது, பட்டையும் கிராம்பும் தூக்கலாக உள்ளது. கூடத்துக்கு அது நல்ல பத்தி, படுக்கையறைக்கு அதிகம்.

ஹொரிகாவா

கியோட்டோவின் ஷோயெய்டோ நிறுவனம் 1705இல் தொடங்கியது. அதன் ஹோரின் வரிசையில் ஒன்றுதான் ஹொரிகாவா. விலையில் மேற்சொன்ன மூன்றையும் தாண்டியது என்பதால் இதைத் தினசரிப் பத்தி என்று சொல்வதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. சந்தனத்தோடு வெனிலாவை நினைவூட்டும் இனிப்பும் சிறிது காரமும் உண்டு. மூன்றும் ஒன்றையொன்று முந்தாமல் கடைசிவரை போகின்றன. ஜப்பானிய மணம் வறட்சியாக இருக்கிறது என்று குறைப்படுபவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதுதான். வாரத்தில் இரண்டு நாள் ஹொரிகாவா, மற்ற நாள் கோபுன்போகு என்று வைத்துக்கொண்டால் செலவும் கட்டுக்குள் இருக்கும், மூக்கும் பழகி மரத்துப்போகாது.

புகை குறைந்த வகைகளும் அகிலும்

கா-ஃபூ போன்ற புகை குறைந்த பத்திகளில் மரப்பொடிக்குப் பதில் கரித்தூள் அடித்தளமாக இருக்கும். ஏற்கெனவே கரியானதில் புகையாக மாற மிச்சமிருப்பது குறைவு. மணம் முழுக்கச் சேர்த்த திரவியத்திலிருந்தே வருகிறது. அடுக்குமாடி வீட்டுக்கு வசதியானது, ஆனால் மரத்தின் ஆழத்தை இதில் எதிர்பார்க்க முடியாது. கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதற்காக ஜன்னலை மூடிவைக்கவும் கூடாது. ஆஸ்துமா உள்ள வீட்டில் எந்த வகையுமே வேண்டாம்.

அகிலை அறிய விரும்புகிறவர்களுக்கு நிப்பான் கோடோவின் ஜின்கோ ஜுஸான் மலிவான வாசல். கசப்பும் பிசின் வாடையும் எப்படி இருக்கும் என்று காட்டும், அவ்வளவுதான். அகில் மரங்கள் அனைத்தும் 2005 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் உள்ளன. எனவே மிக மலிவாக உயர்தர அகில் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். சந்தனத்திலும் இதே நிலைதான். ஜப்பானியர் உச்சமாக மதிக்கும் ரோஸான் சந்தனம் மைசூர்ப் பக்கத்து மரம். தினசரிப் பெட்டியில் அதைத் தேடுவதில் பயனில்லை.

ஒப்பிடும் முறை

பெட்டியை முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். ஏற்றாத பத்தியில் திரவியம்தான் பேசும். மரம் பேசுவதற்குச் சூடு வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். காற்று பட்டால் முனை அதிகச் சூடாகி, மணம் வெளியேறுவதற்கு முன் கருகிவிடும். நல்ல பத்திகூட விசிறியின் கீழ் மோசமாக மணக்கும். நெருப்பை முனையில் இரண்டு மூன்று விநாடி பிடித்து, சுடரைக் கையால் விசிறி அணையுங்கள். ஜப்பானில் வாயால் ஊதுவது மரியாதைக் குறைவு. பத்தியிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி உட்காருங்கள். அறையைவிட்டு வெளியே போய்ப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வரும்போது கிடைக்கும் மணமே சரியான அளவுகோல். ஒரே நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம், நடுவில் அறையை நன்றாகக் காற்றாட விடுங்கள்.

மழைக்காலத்தில் பத்தி பாதியில் அணைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். நிழலில் ஒரு நாள் உலர்த்தினால் போதும். வெயிலில் வைத்தால் எண்ணெய் பறந்துவிடும். இறுக மூடும் தகர டப்பாவில் வையுங்கள். செய்யுனையும் கோபுன்போகுவையும் ஒரே டப்பாவில் போட்டால் சில வாரங்களில் கோபுன்போகுவிலும் பூமணம் ஏறிவிடும்.

பத்தியைச் சாம்பலில் குத்தி நிறுத்தினால் புதைந்த அடிப்பகுதி எரியாமல் தங்கும். அடுத்த பத்தியின் சூட்டில் அது கருகி, பழைய வாடை புதிய மணத்தோடு கலக்கும். கோபுன்போகு திடீரென்று கெட்டுவிட்டது என்று தோன்றினால் முதலில் தூபக்காலின் சாம்பலைச் சலித்துப் பாருங்கள். ஜோடோ ஷின்ஷு என்ற ஜப்பானியப் புத்தப் பிரிவினர் செய்வதுபோலப் பத்தியை ஒடித்துச் சாம்பல்மேல் கிடத்தினால் முழுவதும் எரிந்துவிடும். அதற்குச் சாம்பல் இரண்டு விரற்கடை ஆழமாவது இருக்க வேண்டும். இறுகிப் போயிருந்தால் அடியில் காற்று கிடைக்காமல் பத்தி நடுவிலேயே அணைந்துவிடும்.