நாய்களோடு டிரெய்லர் பயணம்: மிச்சிகன் மாநிலப் பூங்காக்களும் புரூவரிகளும்

டிட்ராய்ட் புறநகரில் குடியிருக்கும் எங்களுக்கு இரண்டு நாய்கள். மணி வயதான லாப்ரடார். சுட்டி காப்பகத்திலிருந்து தத்தெடுத்த பீகிள் கலப்பு. பிக்கப் டிரக்கின் பின்னால் தங்கும் வசதியுள்ள 22 அடி நீள டிரெய்லரை இழுத்துக்கொண்டு, காலையில் ஏதாவதொரு மாநிலப் பூங்காவில் காட்டு நடை, மாலையில் பக்கத்து ஊர்ப் புரூவரி (பீர் காய்ச்சி அங்கேயே பரிமாறும் இடம்) என்று பல கோடைகளைக் கழித்துவிட்டோம். நாய் வளர்க்கும் நண்பர்கள் ஆர்வி (இப்படித் தங்கிப் பயணிக்கும் வண்டி) வாங்கலாமா என்று கேட்கும்போதெல்லாம் தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பயணத்திட்டத்தை நாயிலிருந்து தொடங்க வேண்டும். எந்தப் பூங்கா, எந்த மாதம், மின்இணைப்பு உள்ள இடமா, எந்தப் புரூவரி என்ற எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்யும். நம் ஆசைப்படி திட்டம் போட்டுவிட்டு நாயை அதற்குள் பொருத்தப் பார்த்தால் இரு தரப்புக்கும் கஷ்டம்.

எஞ்சினும் வீடும் ஒன்றாக இருக்கும் மோட்டார் ஹோம் வாங்காமல் டிரெய்லர் வாங்கியதும் இதனால்தான். டிரெய்லரை முகாமில் நிறுத்திக் கழற்றிவிட்டால், டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு காட்டுக்கோ ஊருக்கோ போய்வரலாம். மோட்டார் ஹோமில் ஒவ்வொரு முறையும் மின்கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வீட்டோடு கிளம்ப வேண்டும். ஓடும்போது நாய்கள் டிரக்கின் பின்இருக்கையில், மார்ப்பட்டை மாட்டி உட்கார்ந்திருக்கும். டிரெய்லருக்குள் நாயை விட்டு ஓட்டவே கூடாது. உள்ளே குலுக்கல் அதிகம், ஏசி ஓடாது, என்ன நடக்கிறது என்று நமக்கும் தெரியாது.

வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம் படிகள். மடித்து வைக்கும் படிகள் துளையிட்ட இரும்புத் தகட்டால் ஆனவை. படிக்கும் படிக்கும் நடுவே திறந்திருக்கும். மணி முதல் நாள் முன்னங்காலை வைத்துப் பார்த்து, கீழே தரை தெரிவதைக் கண்டு பின்வாங்கிவிட்டான். சுட்டியின் நகம் துளையில் மாட்டிக்கொண்டது. இரும்புப் படியின் மேல் சொரசொரப்பான பாய்த்துண்டைச் சுற்றிக் கட்டி, கீழே அகலமான ஒரு மேடைப் படி வைத்த பிறகு இருவரும் தயங்காமல் ஏறுகிறார்கள். வலைக்கதவின் கீழ்ப்பாதிக்கு அலுமினியக் கம்பித் தட்டி கட்டாயம் வேண்டும். அணில் ஒன்று எதிரே ஓடினால் வலை ஒரு நொடியில் கிழிந்துவிடும். தரையில் கம்பளம் உள்ள வண்டி வேண்டாம், வினைல் போதும்.

மாநிலப் பூங்காக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெரிக்காவில் நாய் வைத்திருப்பவர்களின் சொர்க்கம் அவைதான். தேசியப் பூங்காக்களின் புகழைப் பார்த்து நாயோடு போனால் பெரும்பாலானவற்றில் வாகன நிறுத்தம், முகாம், தார்ச்சாலை ஓரம் ஆகியவற்றோடு நின்றுவிட வேண்டியிருக்கும். மெயினில் உள்ள அகேடியா, வர்ஜீனியாவின் ஷெனன்டோவா போன்ற சில மட்டுமே பாதைகளை நாய்களுக்குத் தாராளமாகத் திறந்துவிட்டிருக்கின்றன. மிச்சிகனில் தேசியப் பூங்காத் துறையின் இடங்களையே பாருங்கள். ஓநாய்கள் வாழும் ஐல் ராயல் தீவுக்கு நாய் போகவே முடியாது. ஸ்லீப்பிங் பேர் மணல்மேட்டில் எல்லோரும் ஏறி விளையாடும் சரிவில் நாய்க்கு அனுமதியில்லை. பிக்சர்ட் ராக்ஸில் குறிப்பிட்ட சில இடங்களுக்கு மட்டும் போகலாம். மாநிலப் பூங்காக்களின் விதியோ எளிது: 6 அடிக்கு மேல் போகாத கயிறு, நாய் எப்போதும் நம் கட்டுப்பாட்டில், மனிதர்கள் குளிக்க ஒதுக்கிய கரைப் பகுதிக்குள் நாய் வேண்டாம். மற்றபடி அநேகமாக எல்லாப் பாதைகளிலும் நடக்கலாம். இதையும் நாடு முழுவதற்கும் பொது என்று எண்ணிவிட வேண்டாம். கலிஃபோர்னியாவின் பல மாநிலப் பூங்காக்களில் காட்டுப்பாதைகளில் நாய்க்குத் தடை உண்டு. ஒஹையோவில் ஹாக்கிங் ஹில்ஸ் பூங்காவில் நாயோடு நடக்கலாம். அதை ஒட்டியிருக்கும் காங்கல்ஸ் ஹாலோ இயற்கைக் காப்பிடத்தில் கூடாது. ஒவ்வொரு இடத்தின் விதியையும் போவதற்கு முன் படித்துவிட வேண்டும்.

நான் நிபந்தனையில்லாமல் பரிந்துரைக்கும் இடம் மிச்சிகனின் வடபகுதியான மேல் தீபகற்பத்திலுள்ள டக்வாமெனன் அருவிப் பூங்கா. கீழ் அருவிக்கு அருகில் மின்வசதியுள்ள முகாம் இருக்கிறது. அங்கிருந்து ஆற்றங்கரையோடு சுமார் 4 மைல் நடந்தால் மேல் அருவி. ஆறு நல்ல டிக்காஷன் நிறத்தில் ஓடுகிறது. மேலே சதுப்பு நிலங்களில் நிற்கும் சீடர், ஹெம்லாக் மரங்களிலிருந்து இறங்கும் டானின் என்ற நிறப்பொருள்தான் காரணம். தண்ணீர் கெட்டுப்போனதால் வந்த நிறமில்லை. பாதை மேடுபள்ளம் நிறைந்தது. வேர்கள் தரைக்கு மேலே பின்னிக் கிடக்கும், மழை பெய்திருந்தால் மரப்பலகைகள் வழுக்கும். சுட்டி மூக்கைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னே இழுப்பாள். மணி வேருக்கு வேர் நின்று, எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்துத்தான் தாண்டுவான். எங்கள் ஏற்பாடு இதுதான்: ஒருவர் நாய்களோடு நடப்போம், மற்றவர் டிரக்கை மேல் அருவிக்கு ஓட்டிவருவோம். மணிக்கு இப்போது திரும்பி நடக்கும் தெம்பு இல்லை, அதனால் இந்த ஏற்பாடு மிகவும் வசதி. மேல் அருவி 200 அடிக்கும் அதிக அகலத்தில், ஏறக்குறைய 50 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதன் நுழைவாயிலருகே, பழைய மரம்வெட்டிகளின் முகாமைப் போலக் கட்டிய கட்டடத்தில், பூங்காவால் சூழப்பட்ட ஒரு தனியார் நிலத்துண்டில் புரூவரி ஒன்று இருக்கிறது. நடையும் பீரும் ஒரே இடத்தில் முடியும் இப்படியொரு பூங்காவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போர்க்குபைன் மலைகளும் நாய்களுக்கு நல்ல இடம். மிச்சிகனின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா, ஏறக்குறைய 60,000 ஏக்கர், கோடரி படாத பழங்காடு நிறைய. ஆனால் கைபேசிச் சிக்னல் பல இடங்களில் கிடையாது. அது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

புரூவரிகளுக்கு வருகிறேன். மிச்சிகனில் இவற்றுக்குக் குறைவே இல்லை. கலமசூவில் பெல்ஸ் 1985இல் தொடங்கியது. கிராண்ட் ராப்பிட்ஸில் ஃபவுண்டர்ஸ் 1997இல் வந்தது. பெல்லேரில் ஷார்ட்ஸும் ஹாட்டனில் கீவினாவும் 2004ஐச் சேர்ந்தவை. நாயை அழைத்துவரலாமா என்பதைப் பெரும்பாலும் சமையலறைதான் தீர்மானிக்கிறது. உணவு சமைத்துப் பரிமாறும் கட்டடத்துக்குள் பணிநாய்கள் (உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவப் பழக்கியவை) தவிர மற்ற விலங்குகள் வரக்கூடாது என்பது பொதுவான சுகாதார விதி. பீர் மட்டும் ஊற்றி, உணவுக்கு வெளியே ஒரு உணவு வண்டியை நிறுத்தியிருக்கும் இடங்களில் கெடுபிடி குறைவு. எதுவானாலும் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுகிறோம்.

முற்றத்தில் நான் பார்ப்பது மூன்று விஷயங்கள்: நிழல், தரை, மேசைகளுக்கு நடுவே இடம். சரளைக்கல்லோ புல்லோ இருந்தால் நல்லது. வெயிலில் காய்ந்த கான்கிரீட்டில் உள்ளங்கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. ஓரத்து மேசையில் உட்கார்ந்து, நாய்களை நடைவழிக்கு எதிர்ப்பக்கம் படுக்க வைப்போம். காலையில் நன்றாக நடந்த நாய் மாலையில் மேசைக்கடியில் அமைதியாகத் தூங்கும். நடக்காத நாயைக் கூட்டிக்கொண்டு புரூவரிக்குப் போவது நாய்க்கும் பக்கத்து மேசைக்காரர்களுக்கும் செய்யும் அநியாயம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ நாய்களுக்கு விஷம். சிறிதளவு தின்றாலும் உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி, மூச்சிரைத்து, சில மணி நேரத்தில் உயிரே போகலாம். சில புரூவரிகள் பீர் வடித்த பார்லிச் சக்கையில் நாய் பிஸ்கட் செய்து விற்கின்றன. அவை பயப்பட வேண்டியவை இல்லை, ஏனென்றால் அந்தச் சக்கை ஹாப்ஸ் சேர்க்கும் முன்பே பிரிக்கப்படுவது. ஆனால் பின்புறம் வைத்திருக்கும் வாளிகள், குப்பைத் தொட்டிகள், அழகுக்காகச் சுவரில் ஏற்றிய ஹாப்ஸ் கொடி ஆகியவற்றின் பக்கம் நாயை விடக் கூடாது. கீழே சிந்திய பீரையும் நக்க விடக் கூடாது. நாய் ஹாப்ஸ் தின்றுவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

குடித்துவிட்டு வண்டியைத் தொடக் கூடாது என்பதால் ஒருவர் சுவைப்பதோடு நிறுத்திக்கொள்வோம். இதற்கு இன்னொரு வழியும் உண்டு. ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் என்ற சந்தா அமைப்பில் சேர்ந்தால் புரூவரி, திராட்சைத் தோட்டம், பண்ணை போன்ற இடங்களில் ஒரு இரவு வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். தங்கும் கட்டணம் கிடையாது. பதிலுக்கு அங்கே ஏதாவது வாங்க வேண்டும். வண்டிக்குள்ளேயே கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டிகளும் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் மின்இணைப்பு இருக்காது. ஆகவே செப்டம்பரில் அருமை. ஜூலையில் நாங்கள் போவதில்லை.

காரணம் வெப்பம். வெளியே 21 டிகிரி செல்சியஸ் இருக்கும் இதமான நாளிலும், மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரியைத் தொடும். டிரெய்லர் அவ்வளவு வேகமாகச் சூடேறாது என்றாலும் வெயிலில் நின்றால் அதுவும் அடுப்புதான். ஏசி ஓட மின்சாரம் வேண்டும். 30 ஆம்பியர் இணைப்பு தருவது 3,600 வாட். ஏசியும் மைக்ரோவேவும் வாட்டர் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் பிரேக்கர் விழும். அதைவிடப் பெரிய ஆபத்து குறைந்த மின்அழுத்தம். ஜூலை பிற்பகல், ஒரு தனியார் முகாம் நிறைந்து வழிந்தது, எல்லா வண்டிகளிலும் ஏசி. முகாமின் மின்இணைப்புக் கம்பத்தில் 120 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 104க்குக் கீழே போனது. ஏசி மோட்டார் எரிந்துவிடாமல் காக்க நாங்கள் மாட்டியிருந்த பாதுகாப்புக் கருவி, தன் வேலையைச் சரியாகச் செய்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. உள்ளே இரண்டு நாய்கள். வெப்பமானி கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பியதால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து கதவைத் திறந்தோம். மணி கதவருகே நாக்கைத் தொங்கப்போட்டபடி நின்றிருந்தான்.

அந்த வெப்பமானி கைபேசிச் சிக்னலை நம்பி இயங்குவது. சிக்னல் இல்லாத இடத்தில் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. எனவே கைபேசி எடுக்காத முகாமில் நாய்களைத் தனியே விடுவதே இல்லை. போர்க்குபைன் மலைகளில் எங்கே போனாலும் நால்வராகத்தான் போகிறோம்; புரூவரி அங்கே திட்டத்தில் கிடையாது.

உண்ணிகளைப் பற்றி மிச்சிகன்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்புகிறது, நாய்க்கு அதற்குத் தடுப்பூசி உண்டு, மாதாந்திர உண்ணி மாத்திரையும் உண்டு. இரண்டையும் கொடுத்தும் ஒவ்வொரு நடைக்குப் பின்னும் காதுமடலுக்குள், கால்விரல் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் விரலால் தடவிப் பார்க்கிறோம். கோடைக் கடைசியில் உள்நாட்டு ஏரிகளில் பச்சை வண்ணத்தைக் கொட்டியதுபோல் பாசி படர்ந்திருந்தால் நாயைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு ஈரலைத் தாக்கும். குடிதண்ணீரை நாங்களே சுமந்து போகிறோம்.

செலவு எளிதான கணக்கு. டிரெய்லரை இழுக்கும்போது மைலேஜ் ஏறக்குறைய பாதியாகிவிடும், காப்பீடும் குளிர்காலத்தில் நிறுத்திவைக்கும் வாடகையும் தனி. நாய் விடுதிக் கட்டணமும் ஹோட்டல் கட்டணமும் இல்லாததால் அடிக்கடி போகிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். வருடத்துக்கு ஒரு முறை போகிறவர்கள் வாடகைக்கு எடுப்பதே மேல்.

மேல் தீபகற்பத்துக்கு மெக்கினா பாலத்தைக் கடக்க வேண்டும். 1957இல் திறந்த, 5 மைல் நீளப் பாலம். காற்று பலமாக இருந்தால் உயரமான வண்டிகளை வழித்துணை வண்டியோடு மெதுவாக அனுப்புவார்கள், மிஞ்சினால் நிறுத்திவைப்பார்கள். அந்த நாளில் அவசரத் திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது.

எங்களுக்குப் பிடித்த காலம் அமெரிக்கத் தொழிலாளர் தினம் (செப்டம்பரின் முதல் திங்கள்) முடிந்த பிறகு வரும் வாரங்கள். கருப்பு ஈயும் கொசுவும் அடங்கியிருக்கும், ஏசி தேவைப்படாது, புரூவரி முற்றங்கள் இன்னும் திறந்திருக்கும். ஜூலைதான் வேண்டும் என்றால் ஜனவரியிலேயே முன்பதிவு செய்ய வேண்டும். மிச்சிகன் மாநிலப் பூங்காக்கள் ஆறு மாதத்துக்கு முன், காலை 8 மணிக்கு இடங்களைத் திறக்கின்றன. பூங்கா வரைபடத்தைப் பார்த்து, மேற்குப் பக்கம் மரம் நிற்கும் இடமாக எடுங்கள், பிற்பகல் வெயில் சுவரில் அடிக்காது. கழிப்பறைக் கட்டடத்துக்குப் பக்கத்து இடம் வேண்டாம். இரவெல்லாம் ஆட்கள் நடப்பார்கள், சுட்டியைப் போன்ற நாய் ஒவ்வொருவருக்கும் குரைக்கும்.