64,000 கிலோமீட்டர், நான்கு செயின்: உப்புக்காற்றில் ஒரு 125 சிசி வண்டி

மச்சினன் போன வாரம் போன் செய்தான். "அத்தான், ஜிஎஸ்டி குறைஞ்சதுல வண்டி விலை ஏழெட்டாயிரம் இறங்கியிருக்கு. உங்க வண்டியையே நானும் எடுத்துரலாம்னு இருக்கேன். எப்படி ஓடுது?" என்று கேட்டான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அன்றிலிருந்து என்னிடம் இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் இவன். முதல் இரண்டு பேரிடமும் "நல்ல வண்டி, எடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். இவனிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இவனுக்கு வேலை கிடைத்திருப்பது ஆறுமுகநேரி உப்பளத்தில். போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும் என்பதால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

என் வீடு ஆத்தூரில். நெல்லைப் பக்கத்தில் ஆத்தூர் என்றால் வெற்றிலை ஆத்தூர். ஆபீஸ் தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம். முக்காணிப் பாலம், பழையகாயல், முள்ளக்காடு, ஸ்பிக் நகர் வழியாகப் போக வர 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். 2021 மார்ச்சில் எடுத்த வண்டி, இப்போது மீட்டரில் 64,000 தாண்டியிருக்கிறது. கம்பெனிப் பெயரை நான் எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை. செயினுக்குப் பாதிக் கவர் மட்டும் போட்டு வரும் எந்த 125 சிசி வண்டிக்கும் இது பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது நியாயம். என்ஜினை இதுவரை பிரிக்கவில்லை. டேங்க் நிரப்பி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு 58-க்குக் கீழே ஒரு மாதமும் இறங்கவில்லை. மாதம் 20 லிட்டரில் முடிந்துவிடும். மார்கழிப் பனியிலும் சுவிட்சைத் தொட்டதும் சத்தமில்லாமல் கிளம்பிவிடும். சோக் இழுக்கிற வேலையே கிடையாது. சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தாலும் இடுப்பு வலிப்பதில்லை. சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் கியரில் ஓடாது, அந்த ஒரு ஏற்பாடு என் மனைவியை ஒரு நாள் பெரிய விழுதலில் இருந்து காப்பாற்றியிருக்கிறது. இவ்வளவு நல்ல வண்டிக்கு அவ்வளவு மோசமாக ஒரு செயினை விட்டிருக்கிறார்களே என்பதுதான் என் கோபம்.

இந்த ரோட்டில் தினமும் போகாதவர்களுக்கு இது புரியாது. முள்ளக்காட்டைச் சுற்றி இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பளம். தை மாசி தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் உப்பு விளையும் காலம். அள்ளிக் குவித்த உப்பு வெள்ளை வெள்ளையாக ரோட்டோரம் நிற்கும். உப்பு லாரி முன்னால் போனால் தார்ப்பாயின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும், நம் முன்சக்கரமும் பின்சக்கரமும் அதை அப்படியே வாரி எடுக்கும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஹெல்மெட் கண்ணாடியை விரலால் துடைத்து நாக்கில் வைத்தால் கரிக்கும். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

முதல் செயின் 13,000 கிலோமீட்டரில் போய்விட்டது. ஷோரூமில் கொடுத்தபோது 20,000-க்கு மேல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். முதல் வருஷமே முடியவில்லை. சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஒரு இடத்தில் விறைப்பாக இழுக்கும், இன்னொரு இடத்தில் தொங்கும். விறைப்பான இடத்தில் வைத்து டைட் செய்தால் மற்ற இடத்தில் தொய்வு, தொய்வான இடத்தில் வைத்து டைட் செய்தால் விறைப்பில் கரகரவென்று அரைக்கும். சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "செயின் தேயற சாமான் சார், வாரண்டியில வராது" என்றார்கள். அது தப்பில்லை, செயினும் பிரேக் ஷூவும் எங்கேயுமே வாரண்டியில் வருவதில்லை. ஆனால் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்துப் புது செட் மாட்டிப் பில் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது செட்டில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. 2022 ஆவணி, சாயங்காலம் ஆறரை மணி, முக்காணிப் பாலத்தின் மேலே வருகிறேன். தடாரென்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை முறுக்கினால் என்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. செயின் கழன்று ஸ்ப்ராக்கெட்டுக்கும் கவருக்கும் நடுவில் சுருண்டு கிடந்தது. பின்னால் லாரி. அவர் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார். பின்சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொண்டிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுத இருந்திருக்க மாட்டேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் வண்டியைச் சாய்த்துவிட்டு, கை நடுக்கம் நிற்கும் வரைக்கும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் பத்து நாளுக்கு ஒரு தரம் தொய்வு பார்க்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை. அந்தச் செட் போனபோது மீட்டரில் 26,500. கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் முதல் செட்டைவிட அதுவும் பெரிதாக ஒன்றும் கூடுதலாக உழைக்கவில்லை.

மூன்றாவது செட்டைப் பற்றிச் சொல்ல நியாயமில்லை, அது வெள்ளத்தில் போனது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. வண்டி இரண்டு நாள் தண்ணீருக்கடியில் நின்றது. அக்கம்பக்கத்தில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ போனது, வெற்றிலைக் கொடிக்கால்கள் மொத்தமாக அழிந்தன, அதற்கு முன்னால் என் வண்டி ஒரு பேச்சே இல்லை. ஆனாலும் என்ஜினுக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். ஆயிலைத் திறந்தால் பால் ஊற்றின டீ நிறத்தில் வந்தது. செல்ஃபைத் தொடவே கூடாது என்று மெக்கானிக் அண்ணாச்சி சொல்லிவிட்டார். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மிதித்து உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை இரண்டு தடவை மாற்றினார். மூன்றாம் நாள் வண்டி கிளம்பியது. செயின் மட்டும் கம்பி மாதிரி விறைத்து நின்றது. கையால் வளைத்தால் வளைத்த கோணத்திலேயே நிற்கிறது.

அன்றைக்குத்தான் அண்ணாச்சி எனக்கு ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, நீங்க ஓட்டும்போது செயின் துருப்பிடிக்கல. ராத்திரி நிக்கும்போதுதான் பிடிக்குது. வீட்டுக்கு வந்ததும் கழுவுங்க."

நான் அதுவரைக்கும் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். காலையில் கிளம்பும் முன் செயினில் ஆரஞ்சுப் பொடியைப் பார்த்தால் துடைத்து ஆயில் விடுவேன். ஆயில் உப்பின் மேலேயே உட்காரும், துரு அடியில் வளரும். அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவது அதனால்தான். உப்பளத்து உப்பில் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கும், அது அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீர் இழுக்கும். எங்கள் ஊரில் ராத்திரிக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? பகலில் காய்ந்த பொடியாக ஒட்டியிருந்த உப்பு, ராத்திரி முழுக்கச் செயினை உப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறது. செயினில் நூற்றுக்கு மேல் கண்ணி. ஒவ்வொரு கண்ணியிலும் பின் என்கிற குறுக்கு ஆணிக்கும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்கிற குழலுக்கும் நடுவில் முடி நுழையும் அளவு இடைவெளி. துரு அங்கே போய் அரத்தூள் மாதிரி அரைக்கிறது. செயின் நீண்டுவிட்டது என்று நாம் சொல்வது உண்மையில் இந்த இடைவெளிகள் தேய்ந்து அகன்றதுதான்.

அதனால் இப்போது என் வழக்கம் இது. உப்புக் காலத்தில் தினமும் சாயங்காலம் வந்ததும் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இரண்டு செம்பு நல்ல தண்ணீர் செயினில் ஊற்றுவேன். பழைய வேட்டித் துணியால் துடைப்பேன். புதனும் ஞாயிறும் 90 நம்பர் கியர் ஆயிலை பல் துலக்கும் பிரஷ்ஷால் உள்பக்கமாகத் தடவுவேன், அரை மணி விட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுவேன். துடைக்காமல் விட்டால் மண் ஒட்டும். கிரீஸ் வேண்டாம், அது மேலேயே அப்பிக்கொண்டு நிற்கும், பின்னுக்குள் இறங்காது. ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: என்ஜினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் செயின் துடைக்காதீர்கள். துணி ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் விரலோடு போய்விடும். நேரம் ஆனாலும் கையால் சுற்றுங்கள்.

நாலாவது செட் 2024 ஜனவரியில் மாட்டியது. 26,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, இன்னும் ஸ்ப்ராக்கெட் பல் தேய்ந்து கூராகவில்லை. முன்பு வந்ததைவிட இரண்டு மடங்கு. அண்ணாச்சி சொன்ன இரண்டு வரி எனக்கு ஒரு முழு செட்டை மிச்சப்படுத்தியிருக்கிறது.

சரி, பிரச்சினை தீர்ந்துவிட்டதே, அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். தீர்ந்தது செயினுக்கு. வருஷத்தில் எட்டு மாதம் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் வாசலில் குனிந்து உட்கார்ந்திருப்பது நான். மகள் டார்ச் பிடிப்பாள். மழையிலும் செய்ய வேண்டும், காய்ச்சலிலும் செய்ய வேண்டும். நான் இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் செயினில் பொடி பூத்திருக்கும்.

இத்தனைக்கும் இதற்கு மருந்து பல வருஷத்துக்கு முன்பே இருந்தது. அப்பா இதே ரோட்டில் ஸ்ப்லெண்டர் ஓட்டினார். அதில் செயினை முழுதாக மூடின தகரக் கவர். நடுவில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றி விரலை விட்டுத் தொய்வு பார்ப்பார், கொஞ்சம் ஆயில் விடுவார், மூடிவிடுவார். மாதத்துக்கு ஒரு தடவை. அவர் செயினைக் கழுவி நான் பார்த்ததே இல்லை. சேலை சிக்காது, வேட்டி கறையாகாது, உப்பு உள்ளே போகாது. இப்போது மீட்டரில் போன் வந்தால் பெயர் தெரிகிறது, யூஎஸ்பியில் சார்ஜ் ஏறுகிறது. ஒரு தகரக் கவரை மட்டும் ஸ்டைல் போய்விடும் என்று பாதியாக வெட்டிவிட்டார்கள். என் பார்வையில் இது பெரிய தப்பு. கடற்கரையோரம் வேலைக்குப் போகிற ஆயிரக்கணக்கான பேர் இதே வண்டிகளைத்தான் வாங்குகிறோம்.

தனியாக முழுக் கவர் போட முடியுமா என்றும் பார்த்துவிட்டேன். வேறு மாடலின் கவர் பொருந்தவில்லை, போல்ட் ஓட்டைகளே வேறு இடத்தில் இருக்கின்றன. தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் தகரம் வளைத்துச் செய்து மாட்டினேன். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் செயின் அதில் உரசியது. ஒரே வாரத்தில் கழற்றினேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

ஆகவே மாப்ளே, என் பதில் இதுதான்: இந்த வண்டியை எடுக்காதே. கோவில்பட்டியில் இருக்கிறவன் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லியிருப்பேன், இரண்டு பேருக்கு அப்படித்தான் சொன்னேன். நான் இதை விற்கப்போவதில்லை. இந்த என்ஜின் ஒரு லட்சம் தொடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது. ஆனால் இன்றைக்குப் புதிதாக எடுப்பதென்றால் நானே எடுக்க மாட்டேன். நீ நாள் முழுக்க உப்புப் பாத்தி வரப்போரம் வண்டியை நிறுத்தப்போகிறாய். எனக்குப் போகும்போதும் வரும்போதும் படுகிற உப்பு உனக்கு எட்டு மணி நேரம் படும். உனக்கு 58 கிலோமீட்டர் மைலேஜும் வேண்டாம், போன் காட்டும் மீட்டரும் வேண்டாம். 100 சிசியில் முழுக் கவரோடு இன்னும் வண்டி வருகிறது, அதில் ஒன்றை எடு. மிச்சமாகும் பணத்தில் நல்ல ஐஎஸ்ஐ ஹெல்மெட் இரண்டு வாங்கு, தங்கச்சிக்கும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூட வருகிறேன். ஷோரூமில் கலர் பார்ப்பதற்கு முன்னால், வண்டியின் இடப்பக்கம் குனிந்து செயினைப் பார். வெளியே தெரிந்தால் அடுத்த வண்டிக்குப் போ.