துரத்துவதா, மறிப்பதா? பறக்கும் வேட்டையாடிகளின் மூன்று வழிகள்

ஓடும் இரையைப் பிடிக்க எளிய வழி, அதையே பார்த்துப் பறப்பது. இரை நேர் எதிரே இருந்து விலகினால், விலகிய பக்கம் திரும்பினால் போதும். அதன் வேகமோ தூரமோ தெரிய வேண்டியதில்லை. ஆனால் அலைச்சல் அதிகம். 100 மீட்டர் தள்ளி, பார்வைக்குக் குறுக்கே நேர்கோட்டில் போகிற இரையை அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் துரத்தினால் 133 மீட்டர் பறக்க வேண்டும். 30 டிகிரி முன்தள்ளிப் பாய்ந்து மறித்தால் 115 மீட்டர்தான். வேகம் 1.2 மடங்கே என்றால் இடைவெளி எகிறிவிடும்: துரத்த 327 மீட்டர், மறிக்க 181.

எவ்வளவு முன்தள்ளிப் பாய்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரை தெரியும் திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் இரண்டும் மோதியே தீரும். கடலில் மாலுமிகள் அஞ்சுவதும் இதே அடையாளத்தைத்தான். இரையை நோக்கிய பார்வைக் கோடு சுழலத் தொடங்கினால், சுழலும் வேகத்தைப்போல் N மடங்கு வேகத்தில் தன் பாதையைத் திருப்ப வேண்டும். இதுதான் விகிதாசார வழிகாட்டல், ஏவுகணைகளின் பழைய விதி.

எல்லாம் N-இல்தான் இருக்கிறது. அது 1 என்றால் முன்தள்ளல் கோணம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நேரே இரையைப் பார்த்துக் கிளம்பியிருந்தால் அது வெறும் துரத்தல்தான். 3-ஐ ஒட்டியிருந்தால் பெரிய திருப்பங்கள் தொடக்கத்திலேயே முடிந்து, கடைசிப் பாதை ஏறக்குறைய நேராகிவிடும். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் கண்ணின் சிறு பிழைகூடப் பெரிதாகும். மூளைக்கும் தாமதம் உண்டு: நொடிக்கு 10 மீட்டர் போகும் இரை, பத்தில் ஒரு நொடித் தாமதத்தில் ஒரு மீட்டர் நகர்ந்திருக்கும். உயர்ந்த N-உம் தாமதமும் சேர்ந்தால் பாதை இப்படியும் அப்படியுமாக அலைபாயும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பொரி வல்லூறுகளுக்கு ஜிபிஎஸ் கருவி மாட்டிப் பறக்கவிட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இறுதிப் பாய்ச்சல் இந்த விதியோடு பொருந்தியது. N பெரும்பாலும் 3-க்குக் கீழேதான். ஏவுகணையைவிட மெதுவாகப் பறக்கும் உடம்புக்கு அது பொருத்தமான அளவு. அரிசிமணி அளவேயான ஹோல்கோசெஃபாலா என்ற கொள்ளை ஈயிடம் N சுமார் 3, கோனோசியா ஈயிடம் சுமார் 1.5 என்று 2018-இல் தெரியவந்தது.

அப்படியானால் விகிதாசார வழிகாட்டல்தான் எங்கும் சிறந்ததா? இல்லை. முயல்போல வளைந்து நெளிந்து ஓடும் இரையிடம் அது தடுமாறும். ஒவ்வொரு போலித் திருப்பத்தையும் நம்பி வேட்டையாடி வெகுதூரம் விலகிப்போகும். ஹாரிஸ் பருந்து துரத்தலையும் விகிதாசார வழிகாட்டலையும் கலக்கிறது. பார்வைக் கோட்டின் சுழற்சிக்குக் கொஞ்சம் திரும்புகிறது, இரை நேர் எதிரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கும் கொஞ்சம் திரும்புகிறது. 2019-இல் வெளியான ஆய்வில், திடீர் திடீரென்று திசை மாற்றி இழுக்கப்பட்ட செயற்கை இரையைத் துரத்திய பருந்துகளின் பாதைக்கு இந்தக் கலப்பு விதியே நன்கு பொருந்தியது.

திறந்த வானில் நேராகப் பறக்கும் புறாவைப் பிடிக்க இந்தக் கலப்பு வீண் அலைச்சல். புதர்க்காட்டில் நிலைமை வேறு. குறுக்கு வழியில் பாயும் பறவை கிளையில் மோதக்கூடும். இரையின் பின்னாலேயே போகிற பருந்துக்கு, இரை சற்றுமுன் கடந்த பாதை பெரும்பாலும் தடையின்றி இருக்கும். அகலம் மட்டும் போதாமல் போகலாம், அங்கே சிறகைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.