மூன்று தேதியை நம்பி 285 டாலர் விட்டேன்

பழைய அமெரிக்க மரவேலைக் கருவிகளை, அதிலும் ஸ்டான்லி இழைப்புளிகளை, ஆன்லைன் ஏலத்தில் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். எனக்குச் சொல்ல ஆளில்லாமல் இல்லை. கேட்கத்தான் பொறுமை இல்லை.

கனெக்டிகட்டில் எட்டு வருடமாக இருக்கிறேன். இந்தப் பைத்தியம் பிடித்தது இங்கே வந்த பிறகுதான். நான் இருக்கும் இடத்திலிருந்து நியூ பிரிட்டன் பக்கம்தான். 'ஹார்ட்வேர் சிட்டி' என்று பட்டப்பெயர் வாங்கிய ஊர், ஸ்டான்லி கம்பெனியின் சொந்த ஊர். சனிக்கிழமை காலைகளில் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி 'டேக் சேல்' போடுவார்கள். அங்கே ஐந்து டாலர், பத்து டாலர் என்று உளியும் இழைப்புளியும் வாங்க ஆரம்பித்தேன். அந்த அளவோடு நின்றிருந்தால் நஷ்டமில்லை. 'எந்த வருடத்துச் சரக்கு' என்று கண்டுபிடிக்கும் ஆசை வந்தபோதுதான் கெட்டது.

டிசம்பரில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. "ஸ்டான்லி பெய்லி நம்பர் 8, டைப் 11, 1910–1918, முழுக்க ஒரிஜினல்." நம்பர் 8 என்பது அந்த வரிசையிலேயே நீளமானது, 24 அங்குலம், கிட்டத்தட்ட பத்து பவுண்டு எடை. பலகையின் விளிம்பை நேராக்க அதைவிடத் தோதானது கிடையாது. ஒன்பது படம் போட்டிருந்தார். ஒரு படத்தில் மேல்பாகங்களைக் கழற்றிவிட்டு, உடலின் மேல் வார்த்திருந்த மூன்று காப்புரிமைத் தேதிகளை நெருக்கத்தில் காட்டியிருந்தார்: மார்ச் 25, 1902; ஆகஸ்ட் 19, 1902; ஏப்ரல் 19, 1910. அந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் டைப் 11. அது மனப்பாடமாகத் தெரியும். தெரிந்த ஒன்றைப் படத்தில் பார்த்த சந்தோஷத்தில் மற்ற எட்டுப் படங்களைச் சரியாகவே பார்க்கவில்லை. தபால் செலவோடு 285 டாலர் கட்டினேன்.

'டைப்' விவகாரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லியனார்ட் பெய்லி என்பவரின் காப்புரிமைகளை ஸ்டான்லி 1869-ல் வாங்கியது. அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்கு அதே வடிவத்தையே, அங்கே ஒரு திருகு, இங்கே ஒரு எழுத்து என்று சில்லறை மாற்றங்களோடு வார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாற்றங்களை வைத்துச் சேகரிப்பாளர்கள் பிற்காலத்தில் 1 முதல் 20 வரை வகை பிரித்தார்கள். ஸ்டான்லிக்காரர்கள் எந்தக் கருவியிலும் 'டைப் 11' என்று அச்சடித்ததில்லை. தொழிற்சாலையில் பழைய பாகங்கள் தீர்ந்தால்தான் புதியது போடுவார்கள். அதனால் அடுத்தடுத்த இரண்டு டைப்புகளின் பாகங்கள் ஒரே கருவியில் கலந்து வருவதும் உண்டு, அது ஏமாற்று வேலை இல்லை. இந்த நெகிழ்வுதான் விற்பவர்களுக்கு வசதியாகிவிடுகிறது.

பெட்டி ஜனவரியில் வந்தது. மறுநாள் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினேன். பெட்டி கராஜில் அப்படியே கிடந்தது. திரும்பி வந்து பிரித்தபோது 41 நாள் ஆகியிருந்தது. திருப்பி அனுப்பும் அவகாசம் 30 நாள். இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: பெட்டி வந்த அன்றே பிரியுங்கள், ராத்திரி பத்து மணியானாலும் சரி.

முதலில் கண்ணில் பட்டது லீவர் கேப், அதாவது அலகை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் வார்ப்பு மூடி. அதில் திருகு நுழையும் துளை முந்திரிப்பருப்பு வடிவத்தில் இருந்தது. அந்த வடிவம் 1933 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன்னால் சாவித்துவாரம் மாதிரி இருக்கும். மேலே 'ஸ்டான்லி' என்று பெயர் வேறு. மூடியில் பெயர் போட ஆரம்பித்ததே 1925 வாக்கில். 1918-க்குள் செய்த கருவியில் இந்த மூடி இருக்க வழியே இல்லை. விளம்பரப் படங்களைத் திறந்து மறுபடி பார்த்தேன். நான்காவது படத்தின் ஓரத்தில் அதே முந்திரி, பளிச்சென்று. நான்தான் பார்க்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். முன்பக்கக் குமிழ் உயரமானது. டைப் 11-க்குக் காளான் மாதிரி குட்டையாக இருக்க வேண்டும், உயரக் குமிழ் முதல் உலகப்போருக்குப் பிந்தையது. அலகின் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் பித்தளையே இல்லை, கறுப்பு ரப்பர். இரண்டாம் உலகப்போரின்போது பித்தளை ராணுவத்துக்குப் போய்விட்டதால் கெட்டி ரப்பரில் செய்தார்கள். அதாவது 1942–45. அலகில் இதய வடிவத்துக்குள் 'எஸ்.டபிள்யூ.' முத்திரை. ஸ்டான்லி ஒர்க்ஸின் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டின் பெயரை வைத்துப் போட்ட இதயம் அது, 1920-களின் அடையாளம். உடம்புக்கு ஒரு வயது, தலைக்கு ஒரு வயது, கைக்கு ஒரு வயது. மூன்று தேதிகள் இருந்த உடல் மட்டும் நிஜமான டைப் 11. மற்றதெல்லாம் யார் யாருடைய கருவியிலிருந்தோ பிடுங்கியவை. இப்படி ஒட்டுப்போட்ட இழைப்புளிக்கு இங்கே 'ஃப்ராங்கன்பிளேன்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

சரி, சேகரிப்புக்கு ஆகாது, வேலைக்காவது ஆகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், நாற்பது வருடமாக இதையே சேகரிப்பவர். அவரிடம் எடுத்துப் போனேன். உதிரி பாகங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் உடலை ஒரு ஓரத்தில் இரண்டு விரலால் தொங்கவிட்டு, மறுகையின் முட்டியால் தட்டினார். பானை வாங்குகிற பாட்டி தட்டிப் பார்ப்பாளே, அதே தட்டு. சத்தம் 'டப்' என்று செத்து விழுந்தது. தன் அலமாரியிலிருந்து அவருடைய நம்பர் 8-ஐக் கழற்றி அதையும் தட்டிக் காட்டினார். அது கோயில் மணி மாதிரி ரீங்கரித்தது.

"இடது பக்கத்துப் படம் அனுப்பினானா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்பது படமும் வலது பக்கத்திலிருந்து எடுத்தவை.

பழைய பனியன் துணியில் கொஞ்சம் அசிட்டோனை நனைத்து, வாய்க்குப் பக்கத்தில், அதாவது அடியில் அலகு எட்டிப்பார்க்கும் துளைக்குப் பக்கத்தில், இடது சுவரின் உட்புறத்தைத் தேய்த்தார். துணி கறுத்தது. ஸ்டான்லி பூசிய ஜப்பானிங் என்ற கறுப்புப் பூச்சு சூளையில் சுட்டு இறுக்கியது, இப்படி ஒரு தேய்ப்புக்கு உருகி வராது. இது டப்பா ஸ்ப்ரே பெயிண்ட். நாலைந்து முறை தேய்த்ததும் கறுப்புக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. நூல் அகலத்தில் ஆரம்பித்து, சுவர் ஏறும் இடத்தில் அரிசி மணி அகலத்துக்கு விரிந்திருந்தது. வார்ப்பிரும்பு பிளந்து, அதைப் பித்தளை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். வெளிப்பக்கத்தை அரைத்துச் சமமாக்கி, உட்புறத்துக்குக் கறுப்பு அடித்திருக்கிறார்கள். பற்றவைத்த சூட்டில் அடிப்பாகமும் வளைந்திருந்தது. நேர்கோல் வைத்து விளக்குக்கு எதிரில் பிடித்தால், வாய்க்குப் பக்கத்தில் வெளிச்சம் கசிந்தது. பெரியவர் அந்த இடைவெளியில் காகிதத்தை மடித்து மடித்து நுழைத்தார். நான்கு மடிப்பு போனது.

பற்றவைத்த கருவியை விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஏழைத் தச்சர் புதிது வாங்க வழியில்லாமல் பற்றவைத்திருக்கலாம், அந்தக் கோட்டுக்கு நான் மரியாதை கொடுப்பேன். ஆனால் அதன்மேல் பெயிண்ட் அடித்தது அந்தத் தச்சர் இல்லை. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை.

விற்றவருக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது: தபாலில் உடைந்திருக்கும், தபால்காரர்களிடம் கேளுங்கள். (பத்து பவுண்டு வார்ப்பிரும்பை ஒரே ஒரு செய்தித்தாளில் சுற்றி அனுப்பியது தனிக் கதை. வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரிதான்.) தபாலில் உடைகிற இரும்பு தானாகப் பித்தளை ஊற்றிக்கொண்டு, தானாகக் கறுப்பும் அடித்துக்கொள்ளுமா என்று கேட்டேன். அதற்கு, இருப்பது இருக்கிற நிலையில் விற்கப்பட்டது என்று விளம்பரத்தின் கடைசி வரியில் போட்டிருக்கிறேன் என்றார். லீவர் கேப் பற்றிக் கேட்டதற்கு, "டைப்புகள் கலந்து வருவது சகஜம், நீங்கள் புதியவர் போலிருக்கிறது" என்று பாடம் எடுத்தார். அடுத்த டைப்போடு கலப்பது சகஜம்தான். 1918-ம் 1942-ம் கலப்பது தொழிற்சாலையில் நடப்பதில்லை, கராஜில்தான் நடக்கும். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஏல நிறுவனம் நாள் கணக்கைக் காட்டிக் கையை விரித்துவிட்டது. அங்கே தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

இனிமேல் நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். தேதி போட்ட பாகத்தைக் கடைசியாகப் பார்க்கிறேன். முதலில் திருகிக் கழற்றக்கூடியவை: மூடி, குமிழ், சக்கரம், அலகு. சக்கரத்தின் விட்டம்கூடச் சாட்சி சொல்லும். டைப் 11 வரை ஒரு அங்குலம், அதற்கடுத்து ஒன்றேகால். படத்தில் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுக்கச் சொன்னால் போதும், விற்பவர் நாணயமானவரா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். இடது, வலது, அடி என்று மூன்று பக்கமும் படம் கேட்கிறேன், எல்லாப் பாகத்தையும் கழற்றிய வெறும் உடலின் படமும். "கழற்ற முடியாது, துருப்பிடித்திருக்கிறது" என்றால் கும்பிடு போட்டுவிடுகிறேன். பழைய கருவியில் கறுப்பு மட்டும் புத்தம் புதிதாக மின்னினாலும் அப்படித்தான்.

இன்னொன்று. காப்புரிமைத் தேதி என்பது செய்த தேதி இல்லை. அலகைப் பக்கவாட்டில் அசைக்கும் சின்ன நெம்புகோலில் 10-21-84 என்று பொறித்திருக்கும். 1884 அக்டோபரில் கிடைத்த காப்புரிமை, அவ்வளவுதான். அந்த எண்ணைப் பொறித்த நெம்புகோல்களைப் பின்னால் பல வருடங்கள் போட்டார்கள். "1884-ல் செய்தது" என்று எவ்வளவு பேர் விற்கிறார்கள்! ஏப்ரல் 1910 தேதி தாங்கிய உடல்கள் 1920-களிலும் வார்க்கப்பட்டன, ஆனால் அப்போது மற்ற இரண்டு தேதிகள் போய்விட்டிருந்தன.

இந்தப் புரட்டு இழைப்புளியோடு நிற்பதில்லை. போன மாதம் ஒரு சந்தையில் ஒருவர் டிஸ்டன் ரம்பம் ஒன்றை "உள்நாட்டுப் போர்க் காலத்தது" என்று 90 டாலர் சொன்னார். கைப்பிடியில் இருந்த பித்தளை வில்லையைக் கண்ணாடி போட்டுப் படித்தேன்: 'டிஸ்டன் அண்ட் சன்ஸ், ஃபிலடெல்ஃபியா.' போர் முடிந்தது 1865-ல். அந்த வருடம்தான் ஹென்றி டிஸ்டன் மூத்த மகனைக் கூட்டாளியாக்கி 'அண்ட் சன்' என்று பெயர் மாற்றினார். பன்மையில் 'சன்ஸ்' ஆனது 1871-ல். பிள்ளைகள் வளர்வதற்கு முன்னாலேயே ரம்பம் எப்படிப் போருக்குப் போனது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு 40 டாலருக்கு இறங்கினார். வாங்கவில்லை. வில்லையை வேறு கைப்பிடியோடு மாற்றுவது ஐந்து நிமிட வேலை. தகட்டில் பொறிப்பு அழிந்திருந்தது, கைப்பிடித் துளைகளும் சரியாகப் பொருந்தவில்லை.

என் நம்பர் 8 இப்போது உதிரியாக இருக்கிறது. அலகை நான் எடுத்துக்கொண்டேன், நல்ல எஃகு, சாணை பிடித்தால் முகத்தில் வைத்துச் சவரம் செய்யலாம். ரப்பர் சக்கரத்தைப் போர்க்காலக் கருவி ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த ஒருவருக்குப் பன்னிரண்டு டாலருக்குக் கொடுத்தேன், பற்றவைத்த உடலோடு வந்தது என்று சொல்லியே கொடுத்தேன். உடல் கராஜ் சுவரில் தொங்குகிறது, மஞ்சள் கோடு வெளியே தெரிகிற மாதிரி.

நேற்று எனக்கு நம்பர் 8 விற்ற அதே ஆள் மறுபடி ஒரு விளம்பரம் போட்டிருக்கிறார். நம்பர் 6, டைப் 11, முழுக்க ஒரிஜினல். மூன்று தேதிகளும் நெருக்கத்தில் தெரிகின்றன. எட்டுப் படம், எல்லாம் வலது பக்கத்திலிருந்து. குமிழ் உயரம். இப்போதே ஏழு பேர் விலை கேட்டிருக்கிறார்கள்.