ஆம்ப் மாடலிங்குக்கு கிராபிக்ஸ் கார்டு: 3050 போதுமா, 3060 வேண்டுமா, எதுவுமே வேண்டாமா?

ஆம்பின் ஒலியைக் கணினியிலேயே தரும் மென்பொருளான பிளகினைத் திறந்து கிட்டாரைத் தட்டினால் ஸ்பீக்கரில் 'பட் பட்' என்று வெடிக்கிறது. பஃபரை, அதாவது ஒரே தடவையில் கணக்கிட எடுக்கும் ஒலித்துண்டின் அளவை, கூட்டினால் வெடிப்பு நிற்கிறது, ஆனால் விரல் பட்டதற்கும் காதில் விழுவதற்கும் நடுவே இடைவெளி வந்துவிடுகிறது. இதற்கு மருந்தாக கிராபிக்ஸ் கார்டு கேட்டுக் கடைக்குப் போகிறவர்கள் நிறைய. கடைக்காரரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஆனால் அந்தக் கோளாறு கார்டால் தீராது. கார்டு உதவுகிற இடம் வேறு: ஒரு நிஜ ஆம்பையோ பெடலையோ பதிவு செய்து அதைக் கம்ப்யூட்டர் மாடலாக்குகிற வேலை, அதாவது ட்ரெய்னிங். அதை வைத்துத்தான் இங்கே கார்டுகளை எடை போட்டிருக்கிறோம்.

எடுத்துக்கொண்ட மென்பொருள், ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர். இலவசம். ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே உச்சரித்தால் 'நாம்' ஆகிவிடும். "நாம் தொங்கிவிட்டது, நாம் ஓடவில்லை" என்றெல்லாம் எழுத வேண்டிவரும் என்பதால் என்.ஏ.எம். என்றே வைத்துக்கொள்வோம். ஐ.கே. மல்டிமீடியாவின் டோனெக்ஸுக்கும் இதே கணக்குதான்: மாடல் தயாரிக்க என்விடியா கார்டு, வாசிக்க சி.பி.யூ.

வாசிக்கும்போது கார்டு சும்மாதான் கிடக்கும்

48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48 ஆயிரம் ஒலி அளவீடு (சாம்பிள்) எடுக்கும்போது, பஃபர் 128 சாம்பிள் என்றால், கையில் இருக்கும் நேரம் 2.67 மில்லி செகண்ட். 64 என்றால் 1.33. அதற்குள் கணக்கு முடியாவிட்டால் அந்த 'பட்'. என்.ஏ.எம். ஸ்டாண்டர்ட் மாடலில் சுமார் 14 ஆயிரம் எண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஏறக்குறைய அத்தனை பெருக்கல். நொடிக்கு 48 ஆயிரம் சாம்பிள் என்று பெருக்கினால் 67 கோடி வரும். பயமுறுத்தும் எண்தான், ஆனால் இன்றைய சி.பி.யூவின் ஒரே ஒரு கோர் இதைத் தாங்கிவிடும். கிராபிக்ஸ் கார்டோ ஆயிரக்கணக்கான சின்னக் கோர்களை வைத்துக்கொண்டு மொத்த ஆர்டருக்குக் காத்திருப்பது. 128 சாம்பிளை அதற்கு அனுப்பி, வேலையைத் தொடங்கச் சொல்லி, திரும்ப வாங்குவது, ஆம்பூர் பிரியாணி அண்டாவில் ஒரு டம்ளர் டீ போடுகிற கதை. ஜி.பி.யூ ஆடியோ என்ற நிறுவனம் கார்டிலேயே ஓடும் பிளகின்களைச் செய்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் பிளகினை அதற்கென்றே எழுதியிருக்க வேண்டும். கார்டைச் செருகியதும் இருக்கிற பிளகின் தானாக வேகம் பிடிக்காது.

சொல்லப்போனால் கார்டு கெடுதலும் செய்யும். என்விடியா டிரைவர் சில கணினிகளில் சி.பி.யூவை அவ்வப்போது நிறுத்திவைத்துத் தன் வேலையை முடித்துக்கொள்ளும். ஆடியோ அந்த நேரத்தில் அறுந்துபோகும். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் குற்றவாளி என்று தெரிந்துவிடும். என்விடியா டிரைவர்தான் என்றால், கேம் ரெடி டிரைவரை எடுத்துவிட்டு ஸ்டுடியோ டிரைவரைப் போட்டு, என்விடியா கண்ட்ரோல் பேனலில் பவர் மேனேஜ்மெண்ட்டை அதிகபட்ச செயல்திறனுக்கு மாற்றிப் பாருங்கள். பல நேரம் இதிலேயே அடங்கிவிடும்.

ஆக, வாசிப்பில் இழுவை என்றால் காசை கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் போடுங்கள். சொந்த ஏ.எஸ்.ஐ.ஓ டிரைவரோடு (விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் வகை டிரைவர்) வரும் இன்டர்ஃபேஸ், பொதுவான ஏ.எஸ்.ஐ.ஓ.4.ஆல் டிரைவரை நம்பி ஓட்டுவதைவிடப் பெரும்பாலும் மேல். லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டியபடி வாசியுங்கள்; பேட்டரியில் சி.பி.யூ வேகம் இறங்கிவிடும். பழைய ஐ3 மாதிரி சிப்பாக இருந்தால் ஸ்டாண்டர்டுக்குப் பதில் லைட், ஃபெதர், நானோ மாடல்களை ஏற்றுங்கள். மொத்தத் தாமதம் 10 மில்லி செகண்டுக்குள் வந்தால் போதும்; ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம் அது. மேடையில் அதைவிடத் தள்ளி நிற்கிறோம்.

ட்ரெய்னிங்கில் என்ன நடக்கிறது

என்.ஏ.எம். தருகிற சோதனை ஒலிக்கோப்பு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம்; 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ, சுமார் 27 எம்.பி. அதை இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டிலிருந்து ரீஆம்ப் பாக்ஸ் (லைன் சிக்னலைக் கிட்டார் சிக்னல் போல மாற்றும் பெட்டி) வழியாக ஆம்புக்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பதிவு செய்ய வேண்டும். ரீஆம்ப் பாக்ஸ் இல்லாமல் நேரே கொடுத்தால் லெவலும் இம்பீடன்ஸும் கிட்டாருக்குரியதாக இருக்காது, டோன் மாறிவிடும். ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை நேராக இன்டர்ஃபேஸில் செருகவே கூடாது, இன்டர்ஃபேஸ் போய்விடும். நடுவில் லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சுமையைத் தாங்கும் பெட்டி) வேண்டும். வால்வு ஆம்பை லோடு இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கே ஆபத்து.

பதிவான கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் 'டிக் டிக்' ஒலிகளை வைத்து ட்ரெய்னர் தாமதத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு அதே ஒலித்துண்டுகளை 100 சுற்று படிக்கும். கார்டு வேலைக்கு வருவது இங்கேதான். சி.பி.யூவில் மணிக்கணக்கில் இழுப்பது, சுமாரான என்விடியா கார்டில் நிமிடக்கணக்கில் முடியும். முடிவில் இ.எஸ்.ஆர் என்று ஒரு எண் வரும், பிழையின் அளவு. 0.01-க்குக் கீழே இருந்தால் அருமை, 0.035 வரை பரவாயில்லை. ஹை கெய்ன் ஆம்புகளில் இந்த எண் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அதற்காகக் கார்டைக் குறை சொல்ல வேண்டாம். கார்டு நேரத்தை மட்டுமே குறைக்கும், பதிவின் தரத்தைக் கூட்டாது.

கார்டுகள்

ஜிடி 710, ஜிடி 730: பக்கத்தில்கூடப் போகாதீர்கள். ட்ரெய்னர் நம்பியிருக்கும் பைடார்ச் என்ற மென்பொருளின் இன்றைய பதிப்பு இந்தப் பழைய சிப்புகளை ஏற்பதில்லை. ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது. புதிய பைடார்ச் வெளியீடுகளில் அதற்கு ஆதரவு கழன்றுகொண்டே வருகிறது.

ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜி.பி: கையில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வேலை நடக்கும். மாடல் சின்னது என்பதால் மெமரி நிறைய பிடிக்காது. புதிதாகக் காசு கொடுத்து வாங்கத்தான் நியாயமில்லை.

ஆர்.டி.எக்ஸ் 3050, 6 ஜி.பி: எங்கள் ஓட்டு இதற்குத்தான். 2024 பிப்ரவரியில் வந்தது. 2304 'கூடா' கோர்கள் (கூடா என்பது கார்டில் கணக்கு ஓட்ட என்விடியா தரும் அமைப்பு), 70 வாட். ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டிலேயே ஓடிவிடும். பெரும்பாலான மாடல்களில் தனி பவர் கேபிள் கிடையாது. பழைய ஆபீஸ் டெல், ஹெச்.பி. டப்பாக்களை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இது வரம், ஏனென்றால் அவற்றின் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்ஸில் கார்டுக்கான கேபிளே இருக்காது. ஒல்லி கேபினட்டுக்கு லோ புரொஃபைல் வடிவமும் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: இதே 3050 பெயரில் 8 ஜி.பி. கார்டு ஒன்றும் உண்டு. அது 130 வாட், தனி கேபிள் கேட்கும். பெட்டியின் மேல் 3050 என்று மட்டும் பார்த்துவிட்டு எடுத்து வந்தால் வீட்டில் செருக இடமிருக்கும், கரண்ட் கொடுக்க வழியிருக்காது.

ஆர்.டி.எக்ஸ் 3060, 12 ஜி.பி: 3584 கோர்கள், 170 வாட், 550 வாட் எஸ்.எம்.பி.எஸ் கேட்கும். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து கேப்சர் (ஒரு ஆம்பைப் பதிவு செய்து மாடலாக்குவது) எடுக்கும் ஸ்டுடியோவுக்கும், அதே கணினியில் வீடியோ எடிட்டிங் செய்பவருக்கும் சரி. ஆம்ப் மாடலுக்கு மட்டும் என்றால் அந்த 12 ஜி.பி. காலி வீடுதான். கோர்கள் ஒன்றரை மடங்கு என்பதால் நேரமும் அதே கணக்கில் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாடல் சின்னது, கார்டு முழுவேகம் எடுப்பதற்குள் அடுத்த துண்டுக்குக் காத்திருக்கும். 4060-க்கும் இதே பேச்சு. 115 வாட்டில் ஓடுவது அதன் பெருமை.

ஆர்.டி.எக்ஸ் 50 வரிசை: நல்ல கார்டுகள், ஆனால் 'கூடா' 12.8-க்குக் குறைந்த பதிப்போடு வரும் பைடார்ச்சில் ஓடாது. பழைய வழிகாட்டியைப் பார்த்து நிறுவினால் பிழைச்செய்தி வந்து நிற்கும். ஏஎம்டி கார்டுகளை, லினக்ஸ் கைவந்தவர்கள் தவிர மற்றவர்கள் இந்த வேலைக்குத் தொட வேண்டாம்.

நிறுவுவதில் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. விண்டோஸில் என்.ஏ.எம். ட்ரெய்னரை நேரே நிறுவினால், கூடவே வந்து உட்காரும் பைடார்ச் சி.பி.யூவுக்கு மட்டுமானது. புத்தம்புதுக் கார்டு உள்ளே இருக்கும், ட்ரெய்னிங் மட்டும் மாட்டுவண்டி வேகத்தில் போகும். மினிகோண்டா என்ற பைத்தான் நிறுவியில் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, முதலில் 'கூடா' சேர்த்த பைடார்ச், அதன்பிறகே ட்ரெய்னர் என்று போடுங்கள். டாஸ்க் மேனேஜர் வரைபடத்தை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் 3டி வேலையைத்தான் காட்டும். கமாண்ட் விண்டோவில் என்விடியா எஸ்.எம்.ஐ கட்டளையைக் கொடுத்தால், பைத்தான் கார்டைப் பிடித்திருக்கிறதா, எத்தனை வாட் இழுக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

நம்ம ஊர் கரண்டும் வெயிலும்

சோதனைக் கோப்பின் முன்பகுதியில் வரும் ஒரு துண்டு கடைசியிலும் திரும்ப வரும். இரண்டுக்கும் ஆம்ப் ஒரே மாதிரி பதில் சொல்கிறதா என்று ட்ரெய்னர் ஒப்பிட்டுப் பார்க்கும். மாலை ஏழு மணிக்கு வேலூர் சத்துவாச்சாரியிலோ தோட்டப்பாளையத்திலோ எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடத் தொடங்கும் நேரத்தில் வால்வு ஆம்பைப் பதிவு செய்தால், அந்த மூன்று நிமிடத்துக்குள்ளேயே வோல்டேஜ் இறங்கி ஏறக்கூடும். வால்வுக்குப் போகும் உயர் வோல்டேஜும் கூடவே ஆடும், முதல் துண்டும் கடைசித் துண்டும் பொருந்தாது, ட்ரெய்னர் எச்சரிக்கை காட்டும். கார்டை மாற்றினாலும் இது போகாது. ஆம்பை இருபது நிமிடம் சூடேறவிட்டு, காலை பதினொன்று வாக்கில் பதிவு செய்யுங்கள், அல்லது ஆம்புக்கு ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள்.

வெயிலூர் என்று நாமே கிண்டல் செய்யும் ஊர் இது. அக்னி நட்சத்திரத்தில் மாடி அறை 38 டிகிரி இருக்கும்போது கார்டு அதற்கு மேல்தான் கணக்கைத் தொடங்குகிறது. என்விடியா கார்டுகள் பெரும்பாலும் 83 டிகிரியை ஒட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ளே இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ள, இவ்வளவு இருந்தால் 70 வாட் கார்டுக்கு மே மாதமும் கவலையில்லை. 170 வாட் கார்டை முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினட்டில் போட்டால் ஃபேன் சத்தம் மைக்கிலேயே பதிவாகும்.

யு.பி.எஸ்ஸும் அப்படித்தான். வீடுகளில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ் பெரும்பாலும் 360 வாட் தருவது. 3050 கணினியும் மானிட்டரும் அதில் அடங்கும். 3060 போட்டு, சி.பி.யூவும் முழுவேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால் அது 'கீ' என்று கத்திவிட்டு அணைந்துவிடலாம். ட்ரெய்னிங்கை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதுதான். எஸ்.எம்.பி.எஸ் மேல் '450 வாட்' என்று அச்சடித்திருந்தால் நம்பிவிடாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்கி 216 வாட், அவ்வளவுதான் அதன் சரக்கு.

இன்னொன்று, கார்டு முழுவேகத்தில் ஓடும்போது சிங்கிள் காயில் கிட்டாரைக் கணினி பக்கம் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். 'ஙீ' என்று மெல்லிய ஒலி ஏறும், கிட்டாரைத் தொண்ணூறு டிகிரி திருப்பினால் இறங்கும். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்வதும், மூன்று பின் ப்ளக்கின் எர்த் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பதும் போதும்.

வாங்குமுன்

மாதத்துக்கு ஒன்றிரண்டு கேப்சர்தான் என்றால் கார்டே வேண்டாம். கூகுளின் இணையக் கணினிச் சேவையான கொலாபில் 16 ஜி.பி. டி4 கார்டு இலவசமாகக் கிடைக்கும். எப்போதும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை, நடுவில் துண்டிப்பதும் உண்டு. ஆனால் 27 எம்.பி. கோப்பை ஏற்றி உட்கார்ந்தால் வேலை முடிகிறது. வி.ஐ.டி. விடுதியில் ஆர்.டி.எக்ஸ் லேப்டாப்போடு இருப்பவருக்கு வேறெதுவும் தேவையில்லை.

புதுசு வாங்குபவர்கள் காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போகும் முன், உள்ளூர்க் கடையில் வரவழைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். நூறு இருநூறு கூடப் போனாலும், கார்டு கோளாறு என்றால் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க ஆள் இருக்கும். செகண்ட் ஹேண்ட் 3060 என்றால் கிரிப்டோ மைனிங்கில் வெந்த கார்டா என்று சந்தேகப்பட்டே தொடங்குங்கள்: ஃபேனை விரலால் அசைத்தால் ஆடுகிறதா, ஹீட்சிங்க் ஓரத்தில் தெர்மல் பேட் எண்ணெய் கசிந்திருக்கிறதா, ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா. ஜி.பி.யூ இசட் என்ற மென்பொருளைத் திறந்தால் பெயர் மாற்றி விற்கும் போலிக் கார்டுகளில் பலவற்றை அதுவே 'ஃபேக்' என்று காட்டிக்கொடுத்துவிடும். அதோடு விற்பவர் முன்னாலேயே இருபது நிமிடம் சுமை கொடுத்து ஓட்டிப் பாருங்கள். புதிய கார்டுக்கு ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கி, அது பெட்டியிலும் கார்டின் பின்புற ஸ்டிக்கரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். லோ புரொஃபைல் கார்டு என்றால் குட்டித் தகடு பெட்டிக்குள் இருக்கிறதா என்பதையும்.