சொந்த கிரேனா, ஆபரேட்டரோடு வாடகை கிரேனா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பீனிக்ஸில் இரும்புக் கூரை, மண்டபச் சட்டங்கள் செய்து நிறுத்தும் சின்னப் பட்டறை எங்களுடையது. போன வருடம் பழைய 30 டன் மொபைல் கிரேன் ஒன்று நல்ல விலைக்கு வந்தது. வாங்கிவிடலாமா, வழக்கம்போல ஆபரேட்டரோடு வாடகைக்கே எடுக்கலாமா என்று பல நாள் பேசி, கடைசியில் வாடகையே போதும் என்று முடிவு செய்தோம். புதிதாக மண்டபம் கட்டும் கோயில் கமிட்டிக்காரர்களும், பட்டறை வைத்திருக்கும் தம்பிகளும் இதே கேள்வியோடு வருவதால் எழுதுகிறேன்.

பணக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். தினமும் தூக்கும் வேலை இருந்தால் சொந்தம் கட்டுப்படியாகும், எப்போதாவது என்றால் கட்டுப்படியாகாது.

பராமரிப்பில் நாட்டுச் சட்டமே காலக்கெடு வைத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இயந்திர விதிகளின்படி, 12 மாதத்துக்குள் ஒருமுறை கிரேன் முழுவதையும் சோதித்து, எடை தூக்கிப் பார்க்கும் லோட் டெஸ்ட் செய்ய வேண்டும். கம்பிக்கயிறு, கொக்கி, பிரேக், பாதுகாப்புக் கருவிகளை 6 மாதத்துக்கு ஒருமுறையும், பொருளைக் கட்டித் தூக்கும் சிலிங், இணைக்கும் ஷாக்கிள் போன்றவற்றை 3 மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். லோட் டெஸ்டுக்கு எக்ஸா (ECSA) என்ற பொறியியல் கவுன்சிலில் பதிவு பெற்ற இன்ஸ்பெக்டர் வர வேண்டும். டர்பன் உப்புக் காற்றில் சும்மா நிற்கும் கிரேனின் கயிறு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு இல்லை, ஆபரேட்டர்தான்.

நம் பையன் ஒருவனை அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்துக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கலாம். அந்தச் சான்றிதழ் கிரேனின் வகைக்குத் தகுந்தபடிதான் கிடைக்கும். லாரிக் கிரேனுக்கு வாங்கியதை வைத்துக்கொண்டு மொபைல் கிரேனில் ஏற முடியாது. கட்டுமான இடம் என்றால் 2014ஆம் ஆண்டு விதிப்படி மருத்துவத் தகுதிச் சான்றும் வேண்டும், ரோட்டில் ஓட்ட லைசென்ஸ் தனி. இவை எல்லாம் எடுத்துவிடலாம், சரி. எங்கள் பட்டறையில் மாதத்தில் ஓரிரு நாள்தான் தூக்குகிறோம். மீதி நாளெல்லாம் வெல்டிங் செய்துகொண்டிருக்கும் பையனுக்குப் பயிற்சியில் படித்தது எத்தனை நாள் கையில் நிற்கும்?

30 டன் கிரேன் என்றால் 30 டன் தூக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அந்த எடை, பூம் என்ற தூக்கும் கை மிகக் குட்டையாக, கிரேனுக்கு ஒட்டினாற்போல 3 மீட்டர் அளவில் தூக்கும்போதுதான். தூரம் கூடக் கூடத் தூக்கும் எடை சரசரவென்று குறையும். எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோட் சார்ட்டில் வரும் எண்ணிலிருந்து கொக்கித் தொகுதியான ஹூக் பிளாக், சிலிங், சிலிங்கை விரித்துப் பிடிக்கும் ஸ்பிரெடர் எடையையும் கழிக்க வேண்டும். கேபினில் எச்சரிக்கைக் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்பார்கள். கிரேன் சாயாமல் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் அவுட்ரிகர் கால் எவ்வளவு நீட்டியிருக்கிறது, பின்னால் வைக்கும் எதிர் எடை எத்தனை, கயிறு எத்தனை மடிப்பு என்பதை ஆபரேட்டர்தான் அதற்குச் சொல்கிறார். பல கிரேன்களில் அவர் சொன்னதை அது அப்படியே நம்பிக்கொள்ளும். அவுட்ரிகர் பாதி நீட்டி நிற்க, முழுசாக நீட்டியதாக அழுத்திவிட்டால், கிரேன் சாயும் வரை மணி அடிக்காமலே இருந்துவிடலாம். தினமும் அந்தப் பட்டனை அழுத்துபவரும் மாதம் ஒருமுறை அழுத்துபவரும் ஒன்றில்லை.

இசிபிங்கோவில் ஒரு கிடங்குக் கூரை வேலைக்கு வாடகை கிரேனோடு வந்தவர் வயதான ஜூலு ஆபரேட்டர். பாபா என்று கூப்பிடுவோம். நாங்கள் காட்டிய இடத்தில் கிரேனை நிறுத்தாமல் இறங்கி நடந்தார். ஒரு இடத்தில் சிமெண்ட் மூடி தெரிந்தது. இதுக்குக் கீழே என்ன போகுது என்று கேட்டார். மழைநீர்க் குழாய். அவுட்ரிகர் ஒன்று சரியாக அதன்மேல் விழுந்திருக்கும். கிரேனை 2 மீட்டர் பின்னுக்கு எடுத்தார். தூக்கும் தூரம் 14 மீட்டரிலிருந்து 16 ஆனது. சார்ட்டில் 3.6 டன்னாக இருந்தது 2.9 டன் ஆனது. தூக்க வேண்டிய இரும்புச் சட்டம் 1.8 டன், கொக்கி, சிலிங் எல்லாம் சேர்த்தால் 2.3 டன். பென்சிலால் எழுதி என்னிடம் காட்டிவிட்டுத்தான் கேபினுக்குள் ஏறினார். அதற்கு முன் அவுட்ரிகர் தட்டுகளுக்கு அடியில் மரப் பாய்களைப் போடச் சொன்னார். ஒரு காலில் 20 டன் இறங்குகிறது என்று வையுங்கள். அரை மீட்டர் சதுரத் தட்டில் நின்றால் சதுர மீட்டருக்கு 80 டன். 1.2 மீட்டர் சதுரப் பாய் போட்டால் சுமார் 14 டன். டர்பனில் பல இடங்களில் இருக்கும் சிவப்பு மணல், காய்ந்திருக்கும்போது கெட்டியாகத் தெரியும், நனைந்தால் இடம் கொடுத்துவிடும். அது அவருக்குப் பாடப்புத்தகத்திலிருந்து வந்த அறிவு இல்லை. வாரத்தில் எல்லா நாளும் வெவ்வேறு தரையில் நின்றவரின் அறிவு. அந்த அறிவுக்குத்தான் வாடகை கொடுக்கிறேன் என்று எனக்குப் படுகிறது.

சொந்த கிரேன் பக்கமும் நியாயம் இருக்கிறது. வேண்டிய நேரத்தில் கையில் இருக்கும். மழை வந்து வேலை நின்றாலும் வாடகை மணிக்கணக்கில் ஓடாது. தென்மேற்குக் காற்று திடீரென்று திரும்பினால், வாடகைக் கணக்கு மனதில் ஓடாமல் பூமை இறக்கி வைக்கலாம். இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பெரிய விஷயம். வாடகை ஓடும்போது இன்னும் ஒன்றை ஏற்றிவிடலாமே என்ற ஆசை வரும். வாடகைக்கு எடுக்கும்போது, காற்றுக்கு நின்றாலும் பணம் உண்டு என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டால் ஆபரேட்டர் தயங்காமல் நிறுத்துவார்.

லாரியிலேயே பொருத்திய மடக்குக் கிரேன் நடுவழி. சாமான் ஏற்றி இறக்க நல்லது, உயரத்தில் சட்டம் நிறுத்த எங்களுக்குப் போதவில்லை. பெரிய பட்டறைகளில் முழுநேர ஆபரேட்டரோடு சொந்த கிரேன் எப்படிப் போகிறது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தது கொஞ்சம்தான். அங்கே என் கணக்கு மாறலாம்.

வாடகைக்கு எடுத்தால் பொறுப்பு நம்மை விட்டுப் போய்விடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். தொழில் பாதுகாப்புச் சட்டம் 37(2) பிரிவின்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, யார் எதைப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தரைக்கு அடியில் குழாய், கேபிள் எங்கே போகிறது என்பதும், தூக்கும் பொருளின் சரியான எடையும் நாம் சொல்ல வேண்டியவை. உத்தேசமாக ஒன்றரை டன் இருக்கும் என்று போனில் சொல்லக் கூடாது. கிரேன் வரும் முன்னாலேயே லோட் டெஸ்ட் தேதி, ஆபரேட்டர் சான்றிதழ், மருத்துவச் சான்று மூன்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். சைகை காட்ட ஒரே ஆளை நியமித்து, ஆபரேட்டருக்கு அவரை முதலிலேயே அறிமுகப்படுத்துங்கள். நிறுத்து என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்த வேண்டும், அதைக் காலையிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.