இன்லேண்டா, அவுட்லேண்டா? கனடாவில் துணையின் வேலை அனுமதிக்கு எது தோது?

மனைவியோ கணவனோ விசிட்டராக வந்து கூடவே தங்கியிருக்கிறார். இனி நிரந்தர வதிவுரிமைக்கு (பி.ஆர்.) ஸ்பான்சர் போட வேண்டும். கனடாவில் வாழும் துணைக்கான பிரிவில் போடுவது இன்லேண்ட், வெளிநாட்டில் இருப்போருக்கான பிரிவில் போடுவது அவுட்லேண்ட்; துணை கனடாவில் இருந்தாலும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம். உடனே ஒருவர் சொல்வார்: "இன்லேண்டில் போடுங்கள், அப்போதுதான் வேலை பெர்மிட் கிடைக்கும்." ஒரு காலத்தில் அது சரிதான். 2014 டிசம்பரில் வந்த ஏற்பாட்டில் ஓப்பன் வொர்க் பெர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் அனுமதி) இன்லேண்டுக்கு மட்டுமே. 2023 மே மாதம் அவுட்லேண்ட் விண்ணப்பதாரர்களுக்கும் கதவு திறந்துவிட்டது. கனடாவில் ஸ்பான்சருடன் ஒரே முகவரியில் இருக்க வேண்டும், ஸ்டேட்டஸ் (நாட்டில் தங்கும் சட்டபூர்வ அனுமதி) உயிரோடு இருக்க வேண்டும், பி.ஆர். விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகைக் கடிதம் வந்திருக்க வேண்டும். இவை இருந்தால் 255 டாலர் கட்டி, இரண்டு வழியிலும் கேட்கலாம்.

ஆகவே பெர்மிட்டுக்காக இன்லேண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தாமதத்தை வைத்து யோசியுங்கள். துணைவர் விண்ணப்பங்களுக்கு 12 மாதம் என்பது இலக்கு மட்டும்தான், இன்லேண்ட் கோப்புகள் அதைத் தாண்டி இழுப்பது வழக்கம். அத்தனை நாளும் துணை கனடாவில்தான் வாழ வேண்டும். ஊரில் அம்மா ஐ.சி.யூ.வில் என்று நள்ளிரவில் போன் வருகிறது, டிக்கெட் எடுக்கக் கை நடுங்குகிறது. திரும்பி வரும்போது எல்லையில் உள்ளே விடாவிட்டால் கோப்பே கெட்டுவிடும். அவுட்லேண்டில் அந்தப் பயம் இல்லை. போனவர் விசா கிடைக்காமல் அங்கேயே தங்க நேர்ந்தாலும் விண்ணப்பம் நகரும். நேர்காணலை வெளிநாட்டு விசா அலுவலகத்தில் வைத்தால் போய்த்தான் ஆக வேண்டும், அது ஒன்றுதான் சிரமம்.

நிராகரித்துவிட்டால்? அவுட்லேண்டில் ஸ்பான்சர் பெரும்பாலும் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், புதிய ஆதாரங்களையும் காட்டலாம். இன்லேண்டில் அந்த உரிமை இல்லை. ஃபெடரல் கோர்ட்டில் அனுமதி கேட்டு, அதிகாரியின் முடிவு நியாயமானதா என்று மட்டும் வாதாடலாம். எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும், அவுட்லேண்ட் பக்கம்தான் சாய்வேன்.

ஸ்டேட்டஸ் போனவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். 2005 முதல் உள்ள ஒரு பொதுக்கொள்கைப்படி ஸ்டேட்டஸ் இல்லாத துணையும் இன்லேண்டில் விண்ணப்பிக்கலாம். ஆனால் போன ஸ்டேட்டஸைத் திரும்பக் கேட்க உள்ள 90 நாள் மீட்புக் காலமும் தாண்டிவிட்டால், பி.ஆர். விண்ணப்பத்துக்கு முதல் கட்ட ஒப்புதல் வரும்வரை பெர்மிட் இல்லை.

எந்த வழியானாலும் தேதியில் கோட்டைவிடாதீர்கள். கையிலிருக்கும் வொர்க் பெர்மிட் முடிவதற்குள் புதியதற்கு விண்ணப்பித்தால், பதில் வரும்வரை பழைய நிபந்தனைகளிலேயே வேலையைத் தொடரலாம். விசிட்டராக இருப்பவர் அப்படி விண்ணப்பித்தால் நாட்டில் தங்கலாம், பெர்மிட் கைக்கு வரும்வரை வேலை செய்யக் கூடாது. அப்புறம், தற்காலிகமாக இருப்பவர்களின் 9-இல் தொடங்கும் சின் நம்பருக்கும் (வேலைக்குத் தேவையான சமூகக் காப்பீட்டு எண்) முடிவு தேதி உண்டு. புதிய பெர்மிட் வந்ததும் முதல் வேலையாக அதையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.